ஒஃப்ரெந்தா என்பது படையல்

நவம்பர் முதல் இரு நாட்களில் மெக்சிகோ வீடுகளில் இறந்த உறவினருக்காக அடுக்கி வைக்கும் உணவு, பூ, மெழுகுவத்தி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர்: ஒஃப்ரெந்தா. ஆங்கிலத்தின் வழியே படிப்பவர்கள் 'ஒஃப்ரெண்டா' என்று எழுதுகிறார்கள். ஸ்பானிய மொழியில் அந்த 'd' பல்லில் நா பட்டு எழும் ஒலி. நம் தகரம் அதற்கு அப்படியே பொருந்துகிறது.

சொல்லின் வேர் லத்தீன். 'ஒப்' என்றால் எதிரே, 'ஃபெர்ரே' என்றால் கொண்டுவருதல். இரண்டும் சேர்ந்த வினையிலிருந்து பிறந்த 'ஒஃபெரெந்தா' என்ற வடிவத்துக்கு, முன்னே கொண்டுவந்து வைக்க வேண்டியவை என்று பொருள். தேவாலய வழிபாட்டில் காணிக்கையைக் குறித்த இந்தச் சொல், ஸ்பானியர்களோடு கடல் கடந்து மெக்சிகோவுக்கு வந்து, இறந்தவர்களுக்கு வைப்பதன் பெயராகவும் ஆனது.

இதைத் தமிழில் 'பலிபீடம்' என்று எழுதுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மெக்சிகோவில் இதற்கு, பலிபீடத்தையும் குறிக்கும் 'அல்தார்' என்ற பெயரும் வழங்குவதால் நேர்ந்த குழப்பம் இது. ஆனால் அங்கே பலி இல்லை. இறந்த பாட்டியைத் தெய்வமாக வணங்குவதும் இல்லை. பாட்டி வீட்டுக்கு வருகிறாள். அவளுக்கு விருந்து வைக்கிறார்கள், அவ்வளவுதான். நெடுவழி நடந்து வருபவளின் தாகம் தீர ஒரு குவளைத் தண்ணீர். ஒரு கிண்ணத்தில் உப்பு. 'இறந்தோர் ரொட்டி' எனப்படும் இனிப்பு ரொட்டி, அவள் விரும்பி உண்ட பண்டங்கள், அவளுடைய படம், கோபால் என்னும் மரப்பிசினின் நறும்புகை. வாசலிலிருந்து படம் வரை பூவிதழ்களால் ஒரு பாதை. பல ஊர்களில் முதல் நாள், இறந்த குழந்தைகளுக்கு; மறுநாள், இறந்த பெரியவர்களுக்கு.

அந்தப் பூவின் பெயரைச் சொல்லாமல் போக மனமில்லை. செம்பசூச்சில் என்பார்கள். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலில் 'செம்போவாலி' இருபது, 'ஷோச்சித்ல்' பூ. இருபது பூ ஒன்றாய்ச் சேர்ந்தாற்போல அடுக்கிதழ் கொண்டது. வேறெதுவும் இல்லை, நம் பூக்கடைகளில் முழம் போட்டு விற்கும் செண்டுமல்லிதான். அதன் பூர்வீகம் மெக்சிகோ.

ஒஃப்ரெந்தாவுக்கு நேரான தமிழ்ச்சொல் படையல். 'படைத்தல்' என்பதற்கு ஆக்குதல் என்ற பொருளோடு, உணவை முன்வைத்துப் பரிமாறுதல் என்ற பொருளும் உண்டு. 'நிவேதனம்' என்றால் தெய்வத்துக்கு மட்டும் என்றாகிவிடும். 'காணிக்கை' என்றால் உணவின் மணம் போய்விடும். படையலில் தெய்வத்தோடு மறைந்தவருக்கும் இடம் உண்டு, உணவின் மணமும் உண்டு. மறைந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைத்து, விளக்கேற்றி, அவர் வந்து உண்ணட்டும் என்று சற்று நேரம் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கும் வீடுகள் நம்மிடையே உள்ளன. அங்கே வழங்கும் சொல்லும் இதுவே. ஒரு வேறுபாடு உண்டு: நம் படையல் அன்றைக்கே பந்தியாகிவிடும், மெக்சிகோவில் அது சில நாட்கள் வீட்டிலேயே இருக்கும். வேண்டுமானால் முதல்முறை எழுதும்போது 'நீத்தார் படையல்' என்று விரித்து எழுதலாம்.

ஒஃப்ரெந்தா வைக்கும் அந்த விழாவுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? தமிழ்க் கத்தோலிக்கர்கள் நவம்பர் 2ஆம் நாளைக் கல்லறைத் திருநாள் என்கிறார்கள். அழகான சொல், நாளும் ஒன்றே. எனினும் மெக்சிகோவில் கல்லறையைப் போலவே வீடும் விழாவின் களம் என்பதால், 'தியா தெ முயெர்த்தோஸ்' என்ற ஸ்பானியப் பெயரை 'இறந்தோர் நாள்' என்று நேராக மொழிபெயர்ப்பதே பொருத்தம். 2008இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்ததும் இந்த விழாதான்.

மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பத்தில் வாழும் மாயா பழங்குடி மக்கள் இதே நாட்களை 'ஹனால் பிஷான்' என்கிறார்கள். ஹனால் என்றால் உணவு, பிஷான் என்றால் ஆன்மா. அவர்களுக்கு விழாவின் பெயரே படையல்.