ஒரு டம்ளர்தானே ஊற்றினேன்?

இந்த வாரம் எங்கள் நர்சரிக்குத் திரும்பி வந்தது ஒரு ஜீஜீ செடி. "இது சாகவே சாகாதுன்னு சொல்லித்தானே சார் கொடுத்தீங்க?" என்று கேட்டார் கொண்டுவந்தவர். சொன்னது உண்மைதான். கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட காடுகளில் மாதக்கணக்கில் மழை இல்லாமல் தாக்குப்பிடிக்கிற செடி அது. மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு அளவில் கிழங்கு வைத்து, அதில் தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட செடி தண்டு தண்டாகச் சரிந்து கிடந்தது. வெள்ளைப் பீங்கான் தொட்டியை லேசாகச் சாய்த்தேன். கறுப்பாகத் தண்ணீர் வழிந்தது, சாக்கடை வாடையோடு. கிழங்கை அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. தொட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தேன். ஓட்டையே இல்லை.

"தினமும் ஒரே ஒரு டம்ளர்தான் சார் ஊத்தினேன். ஒருநாளும் அதிகமா ஊத்தல."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன். மணி பிளான்ட் கொண்டுவருகிறவரும் இதையேதான் சொல்கிறார், ஸ்நேக் பிளான்ட் கொண்டுவருகிறவரும் இதையேதான் சொல்கிறார். அந்த ஒரு டம்ளர்தான் பிரச்சினையே.

தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நாங்கள் சொன்னால் ஒரு தடவை ஊற்றுகிற அளவு அதிகம் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். உடனே பெரிய டம்ளரை விட்டுச் சின்ன டம்ளருக்கு மாறுகிறார்கள். ஐயா, அளவைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் எத்தனை நாள் விடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் ஒரு பக்கெட் தண்ணீரையே ஊற்றினாலும், மண் தன்னால் பிடிக்க முடிந்ததைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கீழே விட்டுவிடும். தண்ணீர் இறங்க இறங்க அதன் பின்னாலேயே காற்று மண்ணுக்குள் போகும். அடுத்த சில நாட்களில் மண் காய்ந்துகொண்டே வர, வேர் நிம்மதியாக மூச்சுவிடும். தினமும் ஒரு டம்ளர் என்றால் மேல்மண் காய்வதற்குள் அடுத்த டம்ளர் வந்துவிடுகிறது. நேற்றைய தண்ணீர் அடியில், இன்றைய தண்ணீர் அதன் மேல். காற்று நுழைய இடமே கிடைக்காது, வேர் மூச்சுமுட்டி அழுகும். சின்ன டம்ளராக இருந்தாலும் இதே கதிதான், நாலு நாள் தள்ளி நடக்கும்.

இன்னொரு கெடுதலும் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் தண்ணீர் ஒருபோதும் கீழே வழிந்து வெளியேறாது. போர் தண்ணீரில் இருக்கும் உப்பு முழுக்க மண்ணிலேயே தங்கும். மண் தொட்டியின் வெளிப்பக்கத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அதுதான். உப்பு ஏற ஏற இலை நுனி கருகும். நுனி கருகியதைப் பார்த்ததும் என்ன செய்கிறார்கள்? தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு டம்ளர்!

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வாசலில் துளசிக்கும், மொட்டை மாடியில் மல்லிக்கும் கத்தரிக்கும் தினமும் ஊற்றிப் பழகிய கை. ஏப்ரல், மே மாத வெயிலில் மாடிச் செடிக்கு ஒரு நாள் விட்டாலும் வாடிவிடும், காலையும் மாலையும்கூட ஊற்ற வேண்டியிருக்கும். அதே பூவாளியோடு அப்படியே ஹாலுக்குள் நுழைந்துவிடுகிறீர்கள். டிவி பக்கத்தில் இருக்கிற செடிக்கு வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீர் குடிப்பதும் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டி மண் பத்து நாளானாலும் காயாமல் கிடக்கும். நாள்கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். "வாரத்துக்கு எத்தனை தடவை?" என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. சொன்னால் அதையே மே மாதமும் செய்வார்கள், நவம்பரிலும் செய்வார்கள்.

ஆஃபீஸ் செடிகள் கதை தனி. பராமரிப்புக்குப் போகிற இடங்களில் பார்க்கிறேன்: காலையில் ஹவுஸ்கீப்பிங் அக்கா ஊற்றுவார், மத்தியானம் பாட்டிலில் மிஞ்சியதை ஒருவர் ஊற்றுவார், சாயங்காலம் பாசக்காரர் ஒருவர் ஊற்றுவார். ஒருவருக்கு மற்றவர் ஊற்றியது தெரியாது. ஆறிப்போன டீயையும் சேர்த்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து ஒரு செடிக்கு ஒரே ஆள்.

சரி, உங்கள் செடிக்கு என்ன ஆகியிருக்கிறது என்று கண்டுபிடிப்போம். புதிதாக வளர்ப்பவர்கள் ஏமாறுகிற இடம் இலை தொங்குவது. தண்ணீர் போதாமல் போனாலும் இலை தொங்கும், தண்ணீர் நின்று வேர் அழுகினாலும் இலை தொங்கும். வேர் செத்துவிட்டால் சுற்றிலும் தண்ணீர் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது. ஆகவே இலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மண்ணைத் தொடுங்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விடுங்கள். பெரிய தொட்டி என்றால் ஒரு காய்ந்த மூங்கில் குச்சியை அடிவரை குத்திப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். ஈரமாகவோ மண் ஒட்டியோ வந்தால் தண்ணீர் வேண்டாம். மேலே பார்த்து ஏமாறாதீர்கள். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவை மேலே வெளிறிக் காய்ந்தது போலத் தெரியும், ஓர் அங்குலம் கீழே பிழிந்தால் தண்ணீர் சொட்டும். சின்னத் தொட்டியாக இருந்தால் தூக்கிப் பார்த்தாலே போதும். நன்றாகத் தண்ணீர் ஊற்றிய அன்று ஒரு தடவை தூக்கிப் பாருங்கள், காய்ந்த பிறகு ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். அப்புறம் கையே சொல்லிவிடும்.

தொட்டால் இலை மொறமொறவென்று இருந்து மண்ணும் காய்ந்திருந்தால், தாராளமாக ஊற்றுங்கள். பீஸ் லில்லி மாதிரிச் செடிகள் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். இலை துவண்டு, மெத்தென்று, அடியிலிருந்து ஒவ்வொன்றாக மஞ்சளாகி, மண்ணும் ஈரமாக இருந்தால் ஊற்றியது போதும். ஸ்நேக் பிளான்ட் என்றால் இலை மண்ணைத் தொடும் இடத்தைக் கிள்ளிப் பாருங்கள், அழுகல் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். ஒரே ஒரு பழைய இலை மஞ்சளானதற்கெல்லாம் பதற வேண்டாம். வயதான இலை உதிரத்தான் செய்யும்.

தொட்டியைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கறுப்புப் பூச்சிகள் பறக்கிறதா? கொசு என்று நினைத்துக் கொசுமருந்து அடிக்கிறார்கள். அது கொசு இல்லை, ஈர மண்ணில் முட்டையிடும் ஒருவகைச் சிற்றீ. அதன் புழு மண்ணுக்குள் பூஞ்சையையும் மட்கியதையும் தின்னும், இளவேரையும் கடிக்கும். மேல்மண் இரண்டு அங்குலம் காய விட்டால் பெருகாது. பறப்பதைப் பிடிக்க மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்று செருகுங்கள், போதும். அரிசி கழுவிய தண்ணீரைச் சத்து என்று தினமும் ஊற்றும் வீடுகளில்தான் இந்தப் பூச்சியை அதிகம் பார்க்கிறேன். அதுவும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

அடியில் கூழாங்கல் போட்டால் ஓட்டை தேவையில்லை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தப்பு. மேலே உள்ள மண் முழுக்க நனைந்து தெப்பமான பிறகுதான் தண்ணீர் கல்லுக்குள் இறங்கும். கல் போட்டதால் ஈரமான பகுதி இன்னும் மேலே, வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டி அழகுக்கு வேண்டும் என்றால், செடியைச் சாதாரண பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து அதற்குள் இறக்குங்கள். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, சிங்க்கில் வைத்து ஊற்றி, வடிந்ததும் திரும்ப வையுங்கள். தட்டில் தேங்கிய தண்ணீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.

இனி வைத்தியம். மண் ஈரம், ஒன்றிரண்டு இலை மஞ்சள், கெட்ட வாடை இல்லை என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். தண்ணீரை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கமாக நகர்த்துங்கள். குச்சியால் மண்ணில் நாலைந்து இடத்தில் குத்திவிடுங்கள். கொளுத்தும் வெயிலில் கொண்டுபோய் வைக்காதீர்கள். நிழலில் வளர்ந்த இலை ஒரே மத்தியானத்தில் வெந்துவிடும்.

வாடை வந்தாலோ அடித்தண்டு மெத்தென்று ஆகியிருந்தாலோ காத்திருக்கக் கூடாது. செடியை வெளியே எடுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் நிறத்திலோ இருக்கும், இழுத்தால் விறைப்பாக நிற்கும். அழுகிய வேர் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். இரண்டு விரலால் பிடித்து உருவினால் மேல்தோல் கையோடு வந்து, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சும். அதையெல்லாம் வெட்டுங்கள், தயங்காதீர்கள். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோல் வேண்டும். பழைய மண்ணைத் தூக்கிப் போடுங்கள். மிஞ்சிய வேரின் அளவுக்குத் தொட்டி எடுங்கள், பெரும்பாலும் பழையதைவிடச் சின்னதாக இருக்கும். பாவம் என்று பெரிய தொட்டிக்கு மாற்றினால், வேர் எட்டாத இடத்தில் ஈரம் தேங்கி மறுபடியும் அழுகும்.

புது மண்ணில் தண்ணீர் நிற்கக் கூடாது. நர்சரியிலிருந்து வரும் பல செடிகளின் வேரைச் சுற்றிக் களித்தன்மையுள்ள செம்மண் உருண்டை கெட்டியாக இருக்கும். அதைக் கரைத்து எடுத்துவிடுங்கள். செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, கூடவே ஒரு பங்கு பருமணலோ பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்பொரியோ கலந்தால் பெரும்பாலான வீட்டுச் செடிகளுக்குப் போதும். ஸ்நேக், ஜீஜீ இரண்டுக்கும் மணல் பங்கு இரண்டு மடங்காக இருக்கட்டும். இந்த இரண்டுக்கும் நட்டபிறகு ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம், வெட்டிய இடம் ஆறட்டும். மற்றவற்றுக்கு ஒரு தடவை ஊற்றி வடியவிட்டு, பிறகு மண் காயும்வரை பொறுங்கள். புதுத் துளிர் வரும்வரை உரம் கூடாது. சீக்காளிச் செடிக்கு டிஏபி உரம் போட்டுவிட்டு வந்து என்னிடம் கேட்காதீர்கள்.

மருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேரழுகலுக்குக் கடைகளில் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கொடுக்கிறார்கள். தண்ணீர் தேங்கி வரும் அழுகலில் பெரும்பாலும் பித்தியம், பைட்டோப்தோரா வகைக் கிருமிகள் இருக்கும். அவை உண்மையான பூஞ்சைகளே இல்லை, கார்பன்டாசிமுக்கு அசையாது. மெட்டலாக்ஸில் என்ற மருந்துக்குக் கேட்கும்தான். ஆனால் குழந்தைகள் நடமாடும் ஹாலில் அதையெல்லாம் கரைத்து ஊற்ற வேண்டுமா என்று யோசியுங்கள். மண்ணை மாற்றாமல் எந்த மருந்து ஊற்றினாலும் வீண்.

வேர் முழுக்கப் போய்விட்டது என்றால்? மணி பிளான்டில் அழுகல் ஏறாத இடத்தில், கணு இருக்கும்படி வெட்டித் தண்ணீரில் போடுங்கள், வேர் விட்டுவிடும். ஸ்நேக் பிளான்டில் நல்ல இலைத் துண்டை மூன்று நாள் நிழலில் காயவைத்து மணல் கலவையில் ஊன்றலாம். மஞ்சள் கரை போட்ட ரகமாக இருந்தால் இலைத் துண்டிலிருந்து வரும் கன்று கரை இல்லாமல் வெறும் பச்சையாகத்தான் வரும், அதற்கு எங்களைத் திட்டாதீர்கள்.

"மணி பிளான்ட் பாட்டில் தண்ணியிலேயே வளருதே, அது மட்டும் எப்படி?" என்று கேட்பீர்கள். தண்ணீரிலேயே பிறந்த வேர் அந்தச் சூழலுக்கு ஏற்றபடி வளர்ந்தது. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது அதில் கரைந்த காற்றும் கிடைக்கிறது. மண்ணில் வளர்ந்த வேரைச் சேற்றில் ஊறவைப்பது வேறு விஷயம்.

இனி ஊருக்குப் போகிறவர்களுக்கு. பத்து நாள் போகிறீர்கள் என்றால் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து "தினமும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்று சொல்லாதீர்கள். நல்ல மனதோடு ஊற்றியே தீர்த்துவிடுவார்கள். கிளம்பும் முன் மண் காய்ந்திருந்தால் மட்டும் நன்றாக ஊற்றி, வடியவிட்டு, வெயில் படாத வெளிச்சமான இடத்தில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். மணி பிளான்ட், சிங்கோனியம், அக்லோனிமா எல்லாம் தாங்கும். பீஸ் லில்லி தொங்கினாலும் வந்ததும் ஊற்றிக்கொள்ளலாம். ஸ்நேக்கும் ஜீஜீயும் நீங்கள் போனதையே கவனிக்காது.