பழகிய இடத்துக்குத் தாவும் கண்

நன்றாகப் பழகிய ஒரு இணையதளம் திடீரென்று முகம் மாறி வந்தால் ஏன் இத்தனை எரிச்சல் வருகிறது, பழசையே பிடித்துக்கொண்டு தொங்கும் புத்திதானா இது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கூடவே இன்னொன்றும் கேட்டார். ஒரு தளம் புதுசாகவும் இருக்க வேண்டும், சுலபமாகவும் இருக்க வேண்டும் என்றால் அது நடக்கிற காரியமா?

இந்த இரண்டாவது கேள்வியை வைத்து டிசைனர்கள் காலங்காலமாகச் சண்டை போடுகிறார்கள். ஒரு கட்சிக்கு எல்லாத் தளமும் ஒரே அச்சில் வார்த்தது போலத் தெரிகிறது, அலுத்துப்போய்விட்டது. மறு கட்சிக்கு அலுப்பு ஒரு பொருட்டே இல்லை, தேடியது உடனே கிடைத்தால் போதும். இருவரும் வேறு வேறு விஷயங்களைப் பற்றிப் பேசிக்கொண்டு ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசுவதாக நினைக்கிறார்கள் என்பது என் கருத்து. அதைக் காட்ட வேண்டுமென்றால் கண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

விழித்திரை, கூம்புச் செல், குச்சிச் செல் எல்லாம் பள்ளியில் படித்ததுதான். நமக்கு இங்கே வேண்டியது ஒன்றே ஒன்று. கூம்புச் செல்கள் நெருக்கமாக அடைந்திருக்கும் நடுக்குழியால்தான் சின்ன எழுத்தைத் துல்லியமாகப் பார்க்க முடியும். அது காட்டும் பரப்பு சுமார் 2 டிகிரி. கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள், அந்த விரலின் அகலம்தான் மொத்தமும். திரையின் மீதி எல்லாம் மங்கல். ஆனால் நமக்கு மங்கலாகவே தெரிவதில்லை. காரணம், கண் நொடிக்கு மூன்று நான்கு முறை இடம் விட்டு இடம் தாவிக்கொண்டே இருக்கிறது. தாவும் நேரத்தில் உண்டாகும் கலங்கலை மூளை அமுக்கிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் அசைவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

ஓரப்பார்வைக்கு இன்னொரு குறையும் உண்டு, நெரிசல். ஹெர்மன் பௌமா என்ற பார்வை ஆய்வாளர் 1970இல் இதற்கு ஒரு எளிய கணக்குச் சொன்னார். பார்க்கும் புள்ளியிலிருந்து ஒரு எழுத்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதில் ஏறக்குறையப் பாதித் தூரத்துக்குள் வேறு எழுத்துகள் இருந்தால் எல்லாம் கலந்து குழம்பிவிடும். அதாவது 10 டிகிரி தள்ளி இருக்கும் சொல்லை ஓரக்கண்ணால் அடையாளம் காண, அதைச் சுற்றிக் கிட்டத்தட்ட 5 டிகிரி காலியாக இருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் இது தீர்ந்துவிடாது, இடைவெளி விட்டால்தான் தீரும். டிசைனர் ஒரு பட்டனைச் சுற்றி வெற்றிடம் விட்டால் அதை ஸ்டைல் என்று நினைத்துக்கொள்கிறோம், இடம் வீணாகிறது என்று முதலாளிகள் முணுமுணுக்கிறார்கள். அந்த வெற்றிடம் இல்லாவிட்டால் நேராகப் பார்க்காத வரை அங்கே இருப்பது என்ன பட்டன் என்று கண்ணுக்குப் பிடிபடாது.

சரி, பார்வை இவ்வளவு குறுகலானது என்றால், அடுத்து எங்கே தாவ வேண்டும் என்று கண்ணுக்கு யார் சொல்வது? பளிச்சென்ற நிறம், அசைவு, பெரிய முகம் போன்றவை இழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது வேறு. நமக்கே தெரியாத ஒரு நினைவு கண்ணை இழுத்துக்கொண்டு போகிறது.

1998இல் மார்வின் சுன், யுஹோங் ஜியாங் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பார்ப்பதற்கு ரொம்பச் சாதாரணமான சோதனை. திரையில் 12 குறிகள் சிதறிக் கிடக்கும். பதினொன்று ஆங்கில 'எல்' எழுத்துகள், கன்னாபின்னாவென்று திருப்பிப் போட்டவை. ஒன்று மட்டும் 'டி', இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்ந்து கிடக்கும். அதைக் கண்டுபிடித்து எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பட்டனை அழுத்த வேண்டும். இதையே நூற்றுக்கணக்கான தடவை செய்ய வேண்டும்.

சோதனைக்கு வந்தவர்களுக்குச் சொல்லாமல் விட்ட சங்கதி ஒன்று இருந்தது. சில அமைப்புகள் திரும்பத் திரும்ப வந்தன. எல் எழுத்துகள் அதே இடங்களில், டி அதே இடத்தில். மற்றவை ஒவ்வொரு முறையும் புதிது. திரும்ப வரும் அமைப்புகளிலும் டி சாயும் பக்கம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது, ஆகவே விடையை மனப்பாடம் செய்ய வழியில்லை. 'டி பெரும்பாலும் இந்த மூலையில்தான் வரும்' என்று பொதுவாக ஊகித்தும் தப்பிக்க முடியாது, புதிய அமைப்புகளிலும் டி குறிப்பிட்ட சில இடங்களிலேயே வரும்படி பார்த்துக்கொண்டார்கள். இத்தனை கதவையும் அடைத்த பிறகும், நாலைந்து முறை வந்துபோன அமைப்புகளில் டி சீக்கிரமாகக் கண்ணில் பட்டது. எதையோ கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

எதை என்றுதான் அவர்களுக்கே தெரியவில்லை. கடைசியில் பழைய அமைப்புகளையும் புதியவற்றையும் கலந்து காட்டி, எதை முன்பு பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். பதில்கள் காசு சுண்டிப் போட்டுச் சொன்னதைவிடத் தேறவில்லை. படம் பரிச்சயமாகத் தோன்றவே இல்லை, ஆனாலும் அந்தப் படத்தில் கண் முந்திக்கொண்டு போகிறது! இந்த நினைவு ஒரு வாரம் கழித்தும் அழியாமல் இருந்ததை அதே இருவரும் 2003இல் காட்டினார்கள்.

இருட்டில் வீட்டுக்குள் நுழைந்ததும் கை தானாகப் போய் சுவிட்சில் விழுகிறதே, அதைக் கண்ணே செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1999இல் சுன், எலிசபெத் ஃபெல்ப்ஸோடு சேர்ந்து மறதி நோயாளிகளிடம் இதே சோதனையை நடத்தினார். மூளையில் நினைவுகளைப் பதிக்க உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதி பாதிக்கப்பட்ட அவர்களும் பழகப் பழக வேகமானார்கள், ஆனால் திரும்ப வந்த அமைப்புகளில் மட்டும் கிடைக்க வேண்டிய கூடுதல் வேகம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அறியாமலே கற்பதற்கு ஹிப்போகாம்பஸ் தேவையில்லை என்று அதுவரை பலர் நம்பியிருந்ததால் இது பெரிய ஆச்சரியம். ஹிப்போகாம்பஸ் மட்டுமா, அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் சேர்ந்தா என்று அப்புறம் ஒரு சர்ச்சையும் கிளம்பியது.

இங்கே கொஞ்சம் விலகி ஒன்று சொல்லிவிடுகிறேன். எல் எழுத்துகளுக்கு நடுவில் டி தேடும் ஆய்வுக்கு நிதி கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தால், இதனால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்கும் அதிகாரி எல்லா நாட்டிலும் இருப்பார். பயன் என்ன என்று அன்று சுன்னாலும் முழுதாகச் சொல்லியிருக்க முடியாது. பயனை முன்கூட்டியே எழுதிக்கொடுக்கச் சொல்லும் விண்ணப்பப் படிவங்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது.

இணையதளத்துக்குத் திரும்புவோம். 1998 சோதனையின் இன்னொரு பகுதியில், டியைச் சுற்றி இருந்த குறிகளின் உருவத்தைப் பாதியில் மாற்றினார்கள், அவை இருந்த இடங்களை மட்டும் மாற்றவில்லை. வேகம் குறையவில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் தலைகீழாகச் செய்தார்கள்: சுற்றியிருந்தவற்றை அப்படியே விட்டுவிட்டுத் தேட வேண்டிய குறியை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள். சேர்த்து வைத்த வேகம் போய்விட்டது. புது இடத்தை அதே சூழலில் மறுபடி கற்றுக்கொள்வதும் முதல் தடவை கற்றதைவிட மெதுவாகவே நடந்தது.

எனவே மூளை சேமித்து வைப்பது பெரும்பாலும் எது எங்கே என்ற உறவைத்தான். உருவத்தை மாற்றினால் அது மன்னித்துவிடுகிறது, இடத்தை மாற்றினால் மன்னிப்பதில்லை. உண்மையான இணையப் பக்கங்கள் டியும் எல்லும் மட்டும் உள்ள திரைகளைவிடச் சிக்கலானவை, புகைப்படம் போன்ற காட்சிகளில் நாம் தெரிந்தே நினைவில் வைப்பதும் கலந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் புது வடிவமைப்புகள் மேல் வரும் கோபத்தைக் கவனித்தால் அது பெரும்பாலும் இடம் மாறியதைப் பற்றியே இருக்கிறது. 2018இல் ஸ்நாப்சாட் தன் செயலியை மாற்றி அமைத்து, நண்பர்களின் கதைகளையும் (ஸ்டோரி) அரட்டைகளையும் ஒரே பக்கத்தில் கொண்டுவந்து கொட்டியபோது, பழையதைத் திருப்பிக் கொடு என்ற இணைய மனுவில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் புதுமைக்கு எதிரிகளாக இருந்திருக்க வாய்ப்பில்லை. கண் பழைய இடத்துக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வருவதை நாள்தோறும் பலமுறை அனுபவித்தவர்கள் அவர்கள். வாசகரின் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். எரிச்சலுக்கு மனோபாவத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, தனக்கே தெரியாமல் சேமித்த வேகத்தை ஒருவர் ஒரே இரவில் இழந்திருக்கிறார்.

அப்படியென்றால் புதுமைக் கட்சி தோற்றதா? இல்லை. அழகு வெறும் மேல்பூச்சு என்பவர்களுக்கு 1995இல் ஜப்பானில் மசாக்கி குரோசுவும் காவோரி காஷிமுராவும் செய்த ஆய்வைக் காட்டலாம். ஏடிஎம் திரைக்கு 26 விதமான பட்டன் அமைப்புகளைக் காட்டி, எது அழகு, எது சுலபம் என்று 252 பேரிடம் கேட்டார்கள். சுலபமாகத் தோன்றுவது உண்மையான சுலபத்தைவிட அழகோடுதான் அதிகம் ஒட்டி நின்றது. இது ஜப்பானியரின் அழகுணர்ச்சியால் வந்ததாக இருக்கும், எங்கள் ஊரில் எடுபடாது என்று நினைத்து நோம் டிராக்டின்ஸ்கி என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் செய்து பார்த்தார். அங்கே தொடர்பு இன்னும் பலமாக இருந்தது.

அந்த அழகுத் தீர்ப்பும் மின்னல் வேகத்தில் முடிந்துவிடுகிறது. இணையப் பக்கத்தை 50 மில்லி நொடி மட்டுமே காட்டினாலும், மக்கள் கொடுக்கும் மதிப்பெண் அரை நொடி பார்த்துக் கொடுப்பதோடு நன்றாக ஒத்துப்போகிறது என்று கனடாவில் ஆய்வாளர் லிண்ட்கார்டின் குழு 2006இல் காட்டியது. 50 மில்லி நொடியில் கண் ஒரு தடவைகூடத் தாவியிருக்காது. 2012இல் வந்த இன்னொரு ஆய்வு, எந்த மாதிரிப் பக்கங்கள் அந்தப் பரீட்சையில் தேறுகின்றன என்று பார்த்தது. கச்சாமுச்சாவென்று இல்லாத பக்கங்கள், அந்த வகைத் தளம் எப்படி இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போமோ அப்படி இருக்கும் பக்கங்கள். அழகு என்று நாம் சொல்வதிலேயே பரிச்சயம் பாதி கலந்திருக்கிறது. அடிக்கடி பார்ப்பதே பிடித்துப்போகும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இலேயே காட்டிவிட்டார்.

ஆனால் அதே முகம், அதே எழுத்து, அதே சாயல் என்றால் ஒரு கட்டத்தில் சலிப்பு வரத்தான் செய்கிறது. கார் முதல் ரயில் எஞ்சின் வரை வடிவமைத்த ரேமண்ட் லோயி, மக்கள் ஏற்றுக்கொள்ளக்கூடிய எல்லைக்குள் எவ்வளவு முன்னே போக முடியுமோ அவ்வளவு போ என்பதைத் தன் கொள்கையாக வைத்திருந்தார். அந்த எல்லை எங்கே என்பதற்குத்தான் சுன், ஜியாங் சோதனை எனக்கு ஒரு விடை தருகிறது. நிறம், எழுத்துரு, படம், இடைவெளி, பக்கத்தின் பேச்சுத்தொனி, பட்டனை அழுத்தும்போது அது அசையும் விதம் ஆகியவற்றில் புதுமையை அள்ளிக் கொட்டலாம், அலுப்பு அங்கேதான் பிறக்கிறது. தேடல் பெட்டி, மெனு, லாகின், திரும்பிப் போகும் வழி இவற்றின் இருப்பிடத்தில் கை வைக்க ஒரு கனமான காரணம் வேண்டும்.

இப்படி உருப்படியான அறிவியல் கைவசம் இருக்க, வடிவமைப்பு உலகில் மூடநம்பிக்கைகள் மட்டும் செழிப்பாக வளர்கின்றன. மெனுவில் ஏழு வரிக்கு மேல் கூடாது என்பார்கள். அது உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் குறுகிய கால நினைவாற்றலைப் பற்றி எழுதியது. மெனு கண்ணெதிரே இருக்கிறது, அதை யாரும் நினைவில் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. மூன்று கிளிக்குக்குள் எல்லாம் கிடைக்காவிட்டால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்பார்கள். சரியான திசையில் போகிறோம் என்று தெரிந்தால் மக்கள் பொறுமையாகவே கிளிக் செய்கிறார்கள். பொன் விகிதத்தில் (சுமார் 1:1.6) பக்கத்தைப் பிரித்தால் தானாக அழகு வரும் என்பது ஜாதகம் பார்த்து மெனு வைப்பதற்குச் சமம்.

இடத்தை மாற்றவே கூடாதா என்றால், மாற்றலாம். 2013இல் ஸ்டீவன் ஹூபர் என்ற டிசைனர் பொது இடங்களில் மக்கள் போனைப் பிடிக்கும் விதத்தைக் கவனித்து எழுதினார். கிட்டத்தட்ட பாதிப் பேர் ஒரே கையால் பிடித்து, அந்தக் கையின் கட்டைவிரலாலேயே திரையைத் தொட்டார்கள். பெரிய போனில் அந்த விரலுக்கு உச்சி எட்டாது. ஆகவே 2021இல் ஆப்பிள் தன் ஐபோன் சஃபாரி பிரவுசரின் முகவரிப் பட்டையைக் கீழே இறக்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. பழையபடி மேலே வைத்துக்கொள்ளும் வசதியையும் கூடவே கொடுத்தார்கள், பழகிய கண்களுக்காக.

அதே ஆண்டு வந்த விண்டோஸ் 11 ஸ்டார்ட் பட்டனை மூலையிலிருந்து எடுத்து நடுவில் வைத்தது. இதற்குக் காரணம் தேடிப் பார்த்தால் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. சுட்டி எவ்வளவு வேகமாகப் போனாலும் திரையின் மூலையில் முட்டி நின்றுவிடும், குறி தவறவே தவறாது. நடுவில் அந்தச் சலுகை கிடையாது. இன்னும் மோசம், செயலிகளைத் திறக்கத் திறக்க நடுவில் உள்ள வரிசை விரிந்து ஸ்டார்ட் பட்டன் இடது பக்கம் நகர்கிறது, மூடினால் திரும்பி வருகிறது. அந்த வரிசையை இடப்பக்கம் ஒதுக்கும்படி செட்டிங்ஸில் மாற்றினால் மட்டும் அது ஓரிடத்தில் நிற்கும்.