38ஐ 133ஆல் வகுத்தால் பூஜ்யமா? சி மொழி கணக்குப் போடும் விதம்

கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி. இதில் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக. மீதி 95 அடி சிலை. மொத்த உயரத்தில் பீடம் எத்தனை சதவீதம்? நாகர்கோவில் பக்கம் ஏதாவது ஒரு கல்லூரி லேபில், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் சி மொழியைப் படிக்க ஆரம்பித்திருக்கும் மாணவரிடம் இதைக் கொடுத்தால் பெரும்பாலும் இப்படி எழுதுவார்:

ஃப்ளோட் சதவீதம் = 38 / 133 * 100;

ஓட்டிப் பார்த்தால் திரையில் 0.000000 என்று வரும். "கால்குலேட்டர்ல 28.57 வருது, இதுல வரல்லியே அண்ணே" என்று புகாரும் வரும். விடையை வைக்கும் மாறி தசமம் தாங்கும் ஃப்ளோட்தானே, அப்புறம் ஏன் பூஜ்யம்?

வகுத்தல் குறி தன் இடப்பக்கம் பார்க்கிறது: 38, முழு எண். வலப்பக்கம் பார்க்கிறது: 133, அதுவும் முழு எண். இரண்டும் முழு எண் என்றால் முழு எண் வகுத்தல்தான் நடக்கும். சின்ன வகுப்பில் தசமம் படிப்பதற்கு முன் நாம் போட்ட கணக்கு அது. ஈவு 0, மீதி 38. ஈவு மட்டும் கைக்கு வருகிறது. அதை 100ஆல் பெருக்கினாலும் பூஜ்யம்தான். எல்லாம் முடிந்த பிறகே அந்தப் பூஜ்யம் 0.0 ஆக மாறி ஃப்ளோட்டுக்குள் போய் உட்கார்கிறது. ப்ராசசருக்குள் முழு எண் வகுத்தலுக்கு ஒரு கட்டளை, தசம வகுத்தலுக்கு வேறொரு கட்டளை. நாம் எழுதியதை ப்ராசசரின் கட்டளைகளாக மாற்றித்தரும் கம்பைலர், எதைப் போடுவது என்று முடிவு செய்வது வகுபடும் இரண்டு எண்களின் வகையை வைத்துத்தான். விடை எங்கே போகப்போகிறது என்பதை அது அப்போது பார்ப்பதில்லை.

கல்யாணப் பந்தியில் நடுவில் உட்கார்ந்தவருக்கு இடது இலையும் வலது இலையும்தான் கண்ணில் படும். கடைசி இலையில் யார் இருக்கிறார் என்று தெரியாது. சி மொழியில் கணக்குப் போடும் ஒவ்வொரு குறியும், அதாவது ஆபரேட்டரும், அப்படித்தான். புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் கணக்குப் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரு குணத்திலிருந்து வருகிறது என்பது என் எண்ணம்.

சரி, எப்படித் திருத்துவது? 38.0 / 133 * 100 என்று எழுதினால் போதும். ஒரு பக்கம் தசமமானால் மறுபக்கத்தையும் சி தசமமாக்கிக்கொள்ளும். ஆனால் 38 / 133 * 100.0 என்று கடைசியில் புள்ளி வைத்துப் பயனில்லை. வகுத்தலும் பெருக்கலும் இடமிருந்து வலமாக நடப்பதால், புள்ளி வருவதற்குள் சேதம் நடந்துவிட்டது. 100.0 * 38 / 133 என்றால் சரி. எண்களுக்குப் பதில் மாறிகள் இருந்தால் (ஃப்ளோட்) பீடம் / மொத்தம் என்று வகையை மாற்றலாம். இதையே (ஃப்ளோட்) (பீடம் / மொத்தம்) என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் பழையபடி பூஜ்யம்தான். வகுத்து முடித்த பூஜ்யத்தைத்தான் தசமமாக்குகிறோம்.

பூஜ்யம் வந்தாலாவது தப்பு கண்ணில் படும். கிட்டத்தட்டச் சரியாக வரும் விடைதான் ஆபத்து. குலசேகரம் பக்கம் ரப்பர் பாலை விற்கும்போது எடைக்கு மட்டும் காசு கிடையாது. பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்ற டி.ஆர்.சி. பார்த்துத்தான் கணக்கு. 45 கிலோ பால், டி.ஆர்.சி. 36 என்று வைத்துக்கொள்வோம். 45 * 36 / 100 என்று முழு எண்களில் எழுதினால் 16 வரும். உண்மையான விடை 16.2. விற்றவருக்கு 200 கிராம் ரப்பர் போயிற்று. 16 என்பது நம்பும்படியான எண் என்பதால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

அடுத்தது பெருக்கல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. ஆளுக்கு 1000 ரூபாய் வீதம் எவ்வளவு ஆகும் என்று கேட்டால், இன்றைய வழக்கமான கம்பைலர்களில் சரியான விடை வரும். 1500 ரூபாய் என்று மாற்றினால் 280 கோடி 55 லட்சத்து 61 ஆயிரம் வர வேண்டிய இடத்தில், பெரும்பாலும் மைனஸ் 148,94,06,296 வந்து நிற்கும். முழு எண்ணை வைக்கும் இன்ட் வகைக்கு அங்கே 32 பிட், அதாவது 0 அல்லது 1 வைக்கும் 32 இடங்கள். அது தாங்கும் உச்ச எண் 214,74,83,647. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு சி மொழியின் விதிப்புத்தகம் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. நடைமுறையில் எண் சுற்றிக்கொண்டு மறுகோடியில் மைனஸாக முளைக்கிறது.

விடையை வைக்கும் மாறியை 64 பிட் லாங் லாங் ஆக்கினால் சரியாகும் என்று நினைப்போம். ஆகாது. பெருக்கல் குறிக்குத் தெரிவது இரண்டு பக்கமும் உள்ள இன்ட்கள் மட்டுமே. (லாங் லாங்) மக்கள் * ரூபாய் என்று பெருக்கலுக்கு முன்பே ஒன்றைப் பெரிதாக்க வேண்டும். டர்போ சி என்ற பழைய கம்பைலரின் நீலத்திரையில் இன்னும் பயிற்சி எடுப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் சீக்கிரமே வரும். அதில் இன்ட் 16 பிட், உச்சம் 32,767. நாள் கூலி 650 ரூபாயை 60 நாளால் பெருக்கினாலே மைனஸ் 26,536. உழைத்தவர் கடன்காரர் ஆகிவிடுவார்.

ஒப்பிடும் குறிகளிலும் இதே கதை. 18 <= வயது <= 25 என்று கணிதப் புத்தகத்தில் எழுதலாம். சி மொழியில் முதலில் 18 <= வயது மட்டும் கணக்கிடப்படும்; விடை ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. அப்புறம் அந்த 1 அல்லது 0, 25க்குள் இருக்கிறதா என்ற கேள்வி. எப்போதும் ஆம்தான். 70 வயதுத் தாத்தாவுக்கும் இளைஞர் பட்டியலில் இடம் உண்டு. 18 <= வயது && வயது <= 25 என்று இரண்டாகப் பிரித்து எழுதுவதே வழி; && என்பது இரண்டும் உண்மையா என்று கேட்கும் குறி.

ஒற்றைச் சமக்குறிக்கும் இரட்டைச் சமக்குறிக்கும் நடக்கும் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சி மொழிக்கு முன்னோடியான பி மொழியை உருவாக்கிய கென் தாம்ப்சன், மாறியில் மதிப்பை வைக்க ஒற்றைச் சமக்குறியையும், சமமா என்று கேட்க இரட்டைச் சமக்குறியையும் வைத்தார். புரோகிராம்களில் மதிப்பை வைக்கும் வேலை சமமா என்று கேட்கும் வேலையைப்போல் இரு மடங்கு வருகிறது, ஆகவே அதன் குறி பாதி நீளம் இருப்பது பொருத்தம் என்று, சி-யை உருவாக்கிய டெனிஸ் ரிட்சி சேர்ந்து எழுதிய புத்தகம் சொல்கிறது. ஒரு விசை மிச்சப்பட்டது. அதற்கான விலையை ஐம்பது வருடத்துக்கு மேலாக உலகம் கட்டிக்கொண்டிருக்கிறது. நிபந்தனை பார்க்கும் இஃப்பில், இஃப் (மதிப்பெண் = 100) என்று எழுதினால் கேள்வி எதுவும் கேட்கப்படாது; மதிப்பெண்ணில் 100 எழுதப்படும், அந்த 100 உண்மையாகவும் எடுத்துக்கொள்ளப்படும். வகுப்பே நூற்றுக்கு நூறு.

யார் யாருக்குப் பக்கத்து இலை என்பதை முன்னுரிமை வரிசை தீர்மானிக்கிறது. & குறி இரண்டு எண்களிலும் 1 ஆக உள்ள பிட்களை மட்டும் எடுக்கும்; ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று கடைசி பிட்டைப் பார்க்க எண் & 1 == 0 என்று எழுதிப் பாருங்கள். இரட்டைச் சமக்குறி முந்திக்கொண்டு 1 == 0 என்பதை முடித்துவிடும். விடை 0. பிறகு எண் & 0, எப்போதும் 0. உலகில் இரட்டைப்படை எண்ணே இல்லை என்றாகிவிடும். (எண் & 1) == 0 என்றால் தீர்ந்தது. இந்த வரிசை விசித்திரமானது என்பதை ரிட்சியே ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆரம்ப நாட்களில் && இல்லை, அதன் வேலையையும் & பார்த்துவந்தது. பின்னால் && வந்தபோது, ஏற்கெனவே எழுதிய புரோகிராம்கள் கெடக்கூடாது என்று & பழைய இடத்திலேயே விடப்பட்டது.

வர்க்கம் காண 10 ^ 2 என்று எழுதினால் 8 வருவதற்கும் விளக்கம் சுலபம். அந்தக் குறி இங்கே அடுக்கு இல்லை. இரண்டு எண்களின் பிட்களில் எங்கெங்கே வேறுபாடு என்று பார்க்கும் குறி. பிட்களில் 10 என்பது 1010, 2 என்பது 0010; இரண்டுக்கும் வேறுபாடு 1000, அதாவது 8. வர்க்கத்துக்கு 10 * 10 போதும்.

மீதி காணும் % குறியில் மைனஸ் வந்தால் கவனம். ஞாயிறு 0, சனி 6 என்று வைத்து, நேற்று என்ன கிழமை என்பதற்கு (இன்று - 1) % 7 எழுதினால் ஞாயிற்றுக்கிழமையன்று விடை மைனஸ் 1. வகுத்தலில் பூஜ்யத்தை நோக்கித் துண்டிக்க வேண்டும் என்பது சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரநிலையின் விதி; மீதியின் குறி அதையொட்டி வருவது. (இன்று + 6) % 7 என்று எழுதினால் வம்பில்லை.

இவற்றில் சிலவற்றைக் கம்பைலரே காட்டிக்கொடுக்கும், எச்சரிக்கைகளைத் திறந்துவைத்தால். ஜிசிசி என்ற கம்பைலரில் 'டபிள்யூஆல்' (-Wall) சுவிட்சைப் போட்டால் வயது வரிசை, இஃப்பில் ஒற்றைச் சமக்குறி, & குழப்பம் மூன்றுக்கும் குரல் கொடுக்கும். 38 / 133க்கு மட்டும் வாய் திறக்காது. அதன் பார்வையில் அது சரியான கணக்கு.

கடைசியாக, வேலைவாய்ப்புத் தேர்வு வினா வங்கிகளுக்குப் பிடித்தமான ஒன்று: அ = 5 என்றால் ++அ + ++அ எவ்வளவு (++அ என்றால் அ-வில் ஒன்றைக் கூட்டி அந்த மதிப்பை எடு என்று பொருள்)? கூட்டல் குறிக்கு இரண்டு பக்கமும் தெரியும், ஆனால் எந்தப் பக்கத்தை முதலில் முடிப்பது என்று சி மொழி விதிக்கவில்லை. ஒரே மாறியை இப்படி இரண்டு பக்கமும் மாற்றினால் விடைக்கு உத்தரவாதமே இல்லை. ஜிசிசி பொதுவாக 14 என்னும், கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் 13 என்னும். வினாத்தாளில் நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றை டிக் செய்யச் சொன்னால், 'வரையறுக்கப்படவில்லை' என்ற ஐந்தாவது விடையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.