ஹியூமன் ஃபேக்டர்ஸ்: 'மனிதக் காரணி' என்பது பிழை

சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் போதும், "பெரும்பாலான விபத்துகளுக்கு மனிதக் காரணிகளே காரணம்" என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். 'காரணிகளே காரணம்' என்று எழுதும்போதாவது கை தயங்க வேண்டாமா? 'ஹியூமன் ஃபேக்டர்ஸ்' என்பது, மனிதனால் எது முடியும், எது முடியாது என்று ஆராய்ந்து அதற்கேற்பக் கருவிகளையும் சாலைகளையும் அமைக்கச் சொல்லும் ஓர் ஆய்வுத் துறையின் பெயர். அதை ஓட்டுநர்மேல் விழும் குற்றச்சாட்டாக மாற்றிவிட்டது நம் மொழிபெயர்ப்பு.

'ஃபேக்டர்' லத்தீன் வழி வந்தது. 'செய்பவர்' என்பது மூலப்பொருள். கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக முகவர்களுக்கும் அதுவே பதவிப் பெயர். பின்னாளில் கணக்கிலும், ஒரு விளைவில் பங்குபெறும் கூறு என்ற பொருளிலும் வழங்கியது. கணக்கில் 'காரணி' நிலைத்துவிட்டது. 12-க்கு 3 ஒரு காரணி என்றால் யாரும் குழம்புவதில்லை. அதே சொல்லைச் சாலைக்குக் கொண்டுவரும்போது உள்ளேயிருக்கும் 'காரணம்' முன்னே வந்து நிற்கிறது. 'மனிதக் காரணி' என்று கேட்பவர் 'மனிதனே காரணம்' என்றுதான் புரிந்துகொள்வார்.

இத்துறை வளர்ந்த வரலாறோ இதற்கு நேர் எதிரானது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 விமானங்களைப் பத்திரமாகத் தரையிறக்கிய விமானிகள், இறக்கை மடலை (ஃபிளாப்) மடக்குவதாக நினைத்துச் சக்கரங்களை மடக்கினார்கள். விமானம் வயிறு தரையில் பட விழுந்தது. எல்லாம் 'விமானியின் தவறு' என்று பதிவானது. 1943-இல் உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் விமானி அறைக்குள் பார்த்தார். மடலுக்கும் சக்கரத்துக்குமான இரண்டு விசைகளும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் சிறு ரப்பர் சக்கரமும் மற்றதில் ஆப்பு வடிவத் துண்டும் பொருத்தினார். தொட்டாலே வேறுபாடு தெரிந்தது, அந்தக் குழப்பமும் தீர்ந்தது. மாற்றப்பட்டது விசைதான், விமானி அல்லர்.

சாலையிலும் இதே பார்வைதான். தடையைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க 2.5 நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டே நெடுஞ்சாலைகளின் பார்வைத் தொலைவை, அதாவது ஓட்டுநருக்கு முன்னே சாலை தெரிய வேண்டிய தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி ஏறக்குறைய 42 மீட்டர் ஓடிவிடும். இது எவருடைய குற்றம்? மனித உடம்பும் கண்ணும் அவ்வளவுதான் என்று ஏற்று, சாலை அதற்கேற்ப வளைய வேண்டும்.

'94 விழுக்காடு விபத்துகளுக்கு ஓட்டுநரே காரணம்' என்று ஓர் எண்ணையும் இந்த மேடைகளில் வீசுவார்கள். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2015-இல் வெளியிட்ட குறிப்பு அது. மோதலுக்கு முந்தைய சங்கிலியின் கடைசிக் கண்ணி ஓட்டுநரிடம் இருந்ததைத்தான் அந்த எண் சொல்கிறது. அதை விபத்தின் காரணமாகவோ குற்றப் பொறுப்பாகவோ கொள்ளக்கூடாது என்று அந்தக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் எண்ணை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'மாந்தக் காரணி' என்று திருத்துகிறார்கள். திருத்தியது சரியாக இருந்த பாதியை! வடமொழிச் சொல்லான 'காரணி' அப்படியே இருக்கிறது, பிழையும் இருக்கிறது. 'பணிச்சூழலியல்' என்போரும் உண்டு. அது 'எர்கனாமிக்ஸ்' என்பதற்கு ஆக்கியது. நாற்காலியும் மேசையும்தான் நினைவுக்கு வருகின்றன, 'சூழலியல்' வேறு குறுக்கே வந்து காடு, ஆறு பக்கம் இழுக்கிறது. 'மனிதக்கூறியல்' எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஆனால் உடற்கூறியல் பழகிய காதில் அது பிண அறுவைப் பாடமாகத்தான் விழும்.

என் தேர்வு 'மனித இயல்திறன்'. துறைக்கு 'மனித இயல்திறன் ஆய்வு', சாலைக்கு 'ஓட்டுநர் இயல்திறன் ஆய்வு'. திறமையை மட்டும் சொல்கிறதே, வரம்பு எங்கே என்று கேட்கலாம். இயலும், இயலாது, இயல்பு, இயலாமை எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை. மனிதனால் எது முடியும், எது முடியாது என்ற இரண்டையும் அந்த வேர் தாங்கும். இத்துறை ஆராய்வதும் அதையே.

ஓட்டுநர் குடித்திருந்தால் 'குடிபோதை' என்றே எழுதுங்கள், சிவப்பு விளக்கை மீறியிருந்தால் 'விதிமீறல்' என்றே எழுதுங்கள். விளக்கில்லாத வளைவிலும் மரம் மறைத்த பலகையிலும் நேர்ந்த சாவுகளை மூடுவதற்கு ஓர் அறிவியல் துறையின் பெயரை எடுக்காதீர்கள்.