கனமான அலமாரி சாயாது என்று நம்பாதீர்கள்: குழந்தையின் அறையைப் புதுப்பிப்போர் கவனத்திற்கு

அண்மையில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிவரப்பட்ட அந்தப் பெண்குழந்தைக்கு இன்னும் மூன்று வயது நிறைந்திருக்கவில்லை. இடது தொடை எலும்பு முறிந்திருந்தது. வலிக்கு மருந்து கொடுத்து, அழுகை சற்று அடங்கிய பிறகு அவளுடைய கையைத் திருப்பிப் பார்த்தேன். நகக்கண்களில் மஞ்சள் பெயிண்ட் படிந்திருந்தது.

மகளுக்கு ஒரு தனி அறை அமைத்துத் தர வேண்டும் என்பதற்காக, பெற்றோர் இருவரும் இரண்டு வாரங்களாக வேலை முடிந்து வந்து, மாலை நேரங்களில் தாங்களே உழைத்திருக்கிறார்கள். பழைய இழுப்பறை அலமாரி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, அறைக்குள்ளேயே வைத்து உப்புத்தாளால் தேய்த்து, மஞ்சள் பூசி, அதன் மேல் முயல் வடிவ விளக்கு ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். புதிய அறையில் விடிந்த முதல் காலையிலேயே அவள் கீழ் மூன்று இழுப்பறைகளையும் படிகள்போல இழுத்துவிட்டு, அவற்றின் மீது கால்வைத்து முயலை எடுக்க ஏறியிருக்கிறாள். அலமாரி அவள் மீதே சாய்ந்துவிட்டது. "டாக்டர், அதை உள்ளே தூக்கி வைக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவ்வளவு கனமானது எப்படிச் சாயும்?" என்று அவளுடைய தந்தை மீண்டும் மீண்டும் கேட்டார்.

இதே கேள்வியை இந்த ஆண்டில் மட்டும் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். மூன்று வீடுகளிலும் பெற்றோர் அன்பானவர்கள், பொறுப்பானவர்கள். மூன்று வீடுகளிலும் அறை புதிதாக மாற்றப்பட்டிருந்தது. மூன்று வீடுகளிலும் அலமாரி சுவரோடு பிணைக்கப்படவில்லை. இதற்கு மேலும் பேசாமலிருப்பது சரியல்ல என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

குறைந்த செலவில் அறையை மாற்றுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பழைய கட்டிலுக்குப் புதுவண்ணம் பூசுவதும், பிறர் பயன்படுத்திய அலமாரியை வாங்குவதும், சுவரில் ஸ்டிக்கர் ஒட்டி அழகுபடுத்துவதும் நல்ல காரியங்களே. ஆனால் இப்படி வருகிற பெற்றோரிடம் என்னென்ன வாங்கினீர்கள் என்று கேட்டால், பெயிண்ட், திரைச்சீலை, சீரியல் பல்பு, தரைவிரிப்பு என்று வரிசையாகச் சொல்கிறார்கள். அலமாரியைச் சுவரோடு பிணைக்கும் இரண்டு L வடிவ இரும்புக் கோணங்களும் நான்கைந்து ஸ்க்ரூக்களும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. வாங்கியவற்றிலேயே மிக மலிவானதாக இருந்திருக்க வேண்டியது அதுதான்.

கனம் என்ற இந்த நம்பிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு பொருள் நிமிர்ந்து நிற்க வேண்டுமானால், அதன் மொத்த எடையும் அதன் கால்களுக்கு நடுவே இறங்க வேண்டும். இழுப்பறைகள் மூடியிருக்கும்போது அப்படித்தான் இறங்குகிறது. அதனால் நீங்கள் தோளால் முட்டிப் பார்த்தாலும் அது அசையாமல் நிற்கிறது, உங்களுக்கும் நம்பிக்கை வந்துவிடுகிறது. ஓர் இழுப்பறையை வெளியே இழுத்தால், அதிலுள்ள துணிகளின் எடையும் சேர்ந்து முன்கால்களைத் தாண்டிக் காற்றில் தொங்குகிறது. இரண்டாவதையும் மூன்றாவதையும் இழுத்தால், அலமாரியின் எடையில் பெரும்பங்கு முன்னால் வந்துவிடுகிறது. பின்புறத்திலோ பெரும்பாலும் ஒரு மெல்லிய பலகைதான் இருக்கும். முன்னால் போகிற எடையை இழுத்துப் பிடித்து நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை. இந்த நிலையில் 12 கிலோ எடையுள்ள குழந்தை திறந்த இழுப்பறையின் முன்விளிம்பில் கால்வைத்தால், அந்த 12 கிலோ நெம்புகோலின் நுனியில் வைத்த எடையாக வேலை செய்கிறது. அலமாரி எத்தனை கனமானது என்பது அப்போது குழந்தையைக் காப்பாற்றுவதில்லை. விழும்போது எவ்வளவு நசுக்கும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. லேசான பிளாஸ்டிக் அலமாரி விழுந்து சிராய்ப்போடு வருகிற குழந்தைகளை நான் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். கனமான மர அலமாரி விழுந்தால், தலை, மார்பு, வயிறு என்று ஒவ்வொன்றாக ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் மூச்சுவிட முடிகிறது.

இன்னமும் நம்பிக்கை வரவில்லையென்றால், குழந்தையை வேறு அறையில் விட்டுவிட்டு, ஒருவர் அலமாரியின் மேற்புறத்தைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, மற்றவர் இழுப்பறைகள் அனைத்தையும் திறந்து, மேல் இழுப்பறையின் முன்விளிம்பை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். பிடித்திருப்பவர் கையில் அந்த இழுப்பு தெரியும். தரைவிரிப்பின் ஓரம் பின்கால்களுக்கு மட்டும் அடியில் சிக்கியிருந்தால் இன்னும் எளிதில் தெரியும், ஏனென்றால் அலமாரி ஏற்கெனவே முன்னோக்கிச் சாய்ந்துதான் நிற்கிறது.

பக்கத்து அறையில்தானே இருந்தோம் என்பதும் ஆறுதலாகாது. சாயத் தொடங்கிய அலமாரி தரையைத் தொட ஓரிரு விநாடிகள் போதும். அடியில் சிக்கிய குழந்தையின் மார்பு அழுந்தியிருந்தால் அதனால் கத்திக் கூப்பிடவும் முடியாது.

பிணைக்கும் முறை கடினமானதல்ல, ஆனால் அரைகுறையாகச் செய்தால் பயனில்லை. செங்கல் அல்லது கான்கிரீட் சுவரானால் துளையிட்டு, ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி, அதில் ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். உள்ளீடற்ற பலகைச் சுவரானால், பலகைக்குப் பின்னாலுள்ள சட்டத்தைக் கண்டுபிடித்து அதில்தான் முடுக்க வேண்டும். வெறும் பலகையில் முடுக்கிய ஸ்க்ரூ குழந்தையின் எடைக்குப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அலமாரியில் முடுக்கும்போது, பின்புற மெல்லிய பலகையில் ஸ்க்ரூ போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மேற்சட்டத்தின் கெட்டியான மரத்தில் போடுங்கள். வாடகை வீடு, சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று சொல்லும் பெற்றோருக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வீட்டைக் காலி செய்யும்போது அந்த ஓட்டையைப் பட்டியால் அடைக்கச் சில நிமிடங்கள் ஆகும், தொடை எலும்பு கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். உரிமையாளர் எந்த வகையிலும் சம்மதிக்கவில்லையென்றால், உயரமான அலமாரி அந்த அறைக்கு வேண்டாம். குழந்தையின் துணிகளுக்குத் தரையோடு தாழ்ந்த பெட்டிகள் போதும். எப்படியானாலும், குழந்தை ஆசைப்படுகிற எந்தப் பொருளையும் உயரத்தில் வைக்காதீர்கள். அந்த முயல் விளக்கு தரைக்கு அருகில் இருந்திருந்தால் அவளுக்கு ஏறவேண்டிய தேவையே வந்திருக்காது.

அவளுடைய நகக்கண்களில் இருந்த மஞ்சளுக்கு வருகிறேன். எலும்பைச் சரிசெய்த கையோடு, இரத்தத்தில் நச்சு உலோகமான ஈயத்தின் அளவைப் பார்க்கும்படியும் எழுதினேன். தாய் திகைத்தார். புதிய பெயிண்ட் டப்பாவில் ஈயம் இல்லை என்று அச்சிட்டிருந்தது, வாசனையும் போய்விட்டது, பிறகு ஏன் இந்தப் பரிசோதனை என்று கேட்டார். என் கவலை புதிய பெயிண்ட் பற்றியதன்று, அதற்காகத் தேய்த்து எடுத்த பழைய பெயிண்ட் பற்றியது. அமெரிக்காவில் வீடுகளுக்கான பெயிண்ட்டில் ஈயம் தடைசெய்யப்பட்டதே 1978இல்தான். பல நாடுகளில் அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான் கட்டுப்பாடு வந்தது. இன்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு பெயிண்ட்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று பரிந்துரைக்கிறது. பழைய அலமாரிக்கும் பழைய ஜன்னல் சட்டத்துக்கும் எந்தக் காலத்தில் எந்தப் பெயிண்ட் பூசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகியவற்றில் ஈயம் கலந்த நிறமிகள் அதிகம் என்பதால் அந்த நிறங்கள் அடியில் தெரிந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

ஈயத்துக்கு வாசனை கிடையாது. வாசனை போவதற்கும் ஈயம் போவதற்கும் தொடர்பே இல்லை. உலர்ந்த பெயிண்ட்டை உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் தூசி தரையிலும் மெத்தையிலும் பொம்மைகளிலும் படிகிறது, குழந்தையின் கைவழியாக வாய்க்குப் போகிறது. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும், பெரியவர்களின் உடலைவிடச் சிறு குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு வரை அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்கிறது; இரும்புச்சத்துக் குறைந்த குழந்தைகளில் உறிஞ்சுதல் மேலும் கூடும். இந்த அளவு வரை பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் இல்லை. பெரும்பாலும் வெளியே அறிகுறியும் தெரியாது, ஆகவே குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஐயம் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பழைய பெயிண்ட் உரியாமல் திடமாக இருந்தால் அதைச் சுரண்டவே வேண்டாம். சோப்புநீரால் துடைத்துவிட்டு மேலேயே பூசலாம். உரிந்திருக்கும் இடங்களை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், அதுவும் குழந்தை இருக்கும் அறையில் கூடாது. சூடுகாட்டி உரிக்கவே கூடாது. குழந்தையும் கருவுற்றிருக்கும் பெண்களும் அந்தப் பக்கம் வர வேண்டாம். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கினால் தூசி மீண்டும் எழும். அந்த வேலைக்கு உடுத்திய துணியோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

அறையின் அமைப்பை மாற்றும்போது கட்டிலை ஜன்னலோரம் போடும் ஆசை பலருக்கும் வருகிறது. கட்டில் குழந்தைக்கு ஓர் ஏணி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கொசுவலை பூச்சியைத் தடுக்குமே தவிர சாய்கிற குழந்தையைத் தாங்காது. நியூயார்க் நகரம் 1976ஆம் ஆண்டிலேயே, 10 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள குழந்தைகள் வசிக்கும் அடுக்கக வீடுகளில் ஜன்னல் தடுப்புகளைக் கட்டாயமாக்கியது. உங்கள் ஜன்னலில் கம்பி இல்லையென்றால், 10 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காதபடி ஒரு தடுப்பைப் பொருத்துங்கள். இழுத்து மூடும் திரைகளின் கயிறு வளையமாகத் தொங்கினால் அது கழுத்தில் மாட்டும். கயிறில்லாத திரையே குழந்தையின் அறைக்கு ஏற்றது. அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு 6 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உரியதன்று. பழைய தொட்டிலை வாங்கினால் கம்பிகளுக்கிடையே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள், 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அது வேண்டாம். ஒரு பக்கம் கீழிறங்கும் வகைத் தொட்டிலை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், யாரிடமும் வாங்காதீர்கள். அந்தப் பக்கம் கழன்று விழுந்து குழந்தைகள் சிக்கி இறந்ததால் அமெரிக்கா 2011இல் அதன் விற்பனையையே தடைசெய்தது.

சீரியல் பல்புகளையும் ரிமோட்டில் இயங்கும் சிறு விளக்குகளையும் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. அவற்றில் பல, நாணயம் போன்ற தட்டையான பட்டன் பேட்டரியில் இயங்குகின்றன. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் பேட்டரி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும். விளக்கு எரியாத அளவுக்குத் தீர்ந்துபோன பேட்டரியும் அதைச் செய்யும். கழற்றி மேசைமேல் போட்டுவைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டால், எச்சில் ஒழுகுவதையும் சாப்பிட மறுப்பதையும் சளித்தொல்லை என்று நினைத்து நாள் கடத்துகிறார்கள். எக்ஸ்ரேயில் நாணயம் ஒற்றை வட்டமாகவும் பேட்டரி இரட்டை வளையமாகவும் தெரியும்; அந்த இரண்டாவது வளையத்தைப் பார்க்கும் நொடியில் எங்கள் பிரிவில் எல்லோரும் ஓடத் தொடங்குகிறோம். மூடி ஸ்க்ரூவால் முடுக்கப்பட்ட விளக்கை மட்டுமே குழந்தையின் அறையில் வையுங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள், வாந்தியெடுக்க வைக்காதீர்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையாக இருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லி தேன், அதிகபட்சம் 6 முறை வரை கொடுக்கலாம். தேனைத் தேடிக்கொண்டு புறப்படுவதைத் தாமதிக்க வேண்டாம். வேறு உணவோ பானமோ கொடுக்கக் கூடாது.

எல்லா வேலையும் முடிந்து, குழந்தை அந்த அறையில் முதன்முதலாக உறங்கப் போகும் அந்த மாலையில், நீங்கள் முழங்காலிட்டு அமர்ந்து, குழந்தையின் கண் உயரத்திலிருந்து அறையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கைக்கு எட்டுகிற ஒவ்வொரு கைப்பிடியையும் இழுங்கள், கால்வைக்கத் தோன்றுகிற ஒவ்வொரு விளிம்பையும் அழுத்துங்கள். ஏதேனும் ஒன்று அசைந்தாலும், அன்றிரவு குழந்தையை உங்கள் அறையிலேயே உறங்க வையுங்கள்.