நுரைவழிப்பானா, புரத வடிகட்டியா?

தொட்டி நீரில் கரைந்த கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ என்ற கருவியைக் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் ‘புரத வடிகட்டி’ என்று சொல்லக் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். சென்ற மாதம் அந்தச் சொல் ஒரு குழாயையே அடைத்துவிட்டது. இனிமேலும் சும்மா இருப்பதற்கில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி 60 லிட்டர் உப்புநீர்த் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள் வளர்க்கிறார். கடையில் ஸ்கிம்மர் வாங்கக் கட்டுப்படியாகாமல் தாமே ஒன்று செய்தார். 2 அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றரை அடி, அடியில் காற்றைக் குமிழிகளாக விடும் காற்றுக்கல், மேலே அடிப்பாகம் அறுத்த தண்ணீர் பாட்டில், பாட்டில் கழுத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு வாரமாகியும் கிண்ணத்தில் ஒரு சொட்டு அழுக்குச் சேரவில்லை. கழற்றிப் பார்த்தால் குழாயின் நடுவில் கைப்பிடியளவு பஞ்சு! “வடிகட்டி என்று தாளில் போட்டிருக்கிறதே அண்ணா, வடிகட்ட உள்ளே எதுவுமே இல்லையே என்று நான்தான் வைத்தேன்” என்றார். காற்றுக்கல்லோடு வந்த செய்முறைத் தாளின் தமிழ் அது. அவர்மேல் என்ன பிழை?

வேர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரோட்டீன் என்ற பெயர் ‘முதன்மையான’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1838-இல் வேதியியலுக்கு வந்தது. அதன் ஒலியைத் தழுவியதே நம் புரதம். ஸ்கிம் என்பதற்கு முதற்பொருளே நுரையை எடுப்பதுதான். நுரையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான ஷௌம் அதற்கு உறவு. ஜெர்மானியர் இந்தக் கருவியின் பெயரிலேயே அந்த நுரையை வைத்திருக்கிறார்கள்.

வடிகட்டிக்கு வருவோம். காபி வடிகட்டியில் பொடி மேலே தங்குகிறது, டிகாக்‌ஷன் கீழே இறங்குகிறது. துளையும் தடுப்பும் இல்லாமல் வடிகட்டி ஏது? இந்தக் கருவியிலோ தடுப்பே கிடையாது. புரத மூலக்கூற்றின் ஒரு பக்கம் நீரை விரும்பும், மறுபக்கம் விலகி ஓடும். விலகும் பக்கத்துக்குக் காற்றுக்குமிழியின் ஓரம் நல்ல புகலிடம். குமிழியில் தொற்றிக்கொண்டு மேலேறி, நுரையாகத் திரண்டு, பாட்டில் கழுத்து வழியாகக் கிண்ணத்தில் விழுகிறது. அழுகி அமோனியாவாக மாறுவதற்கு முன்பே கழிவு வெளியேறிவிடுகிறது. லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருப்பதால் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் பொடிப்பொடியாகவே நிற்கின்றன. நன்னீரில் அவை சேர்ந்து பெருத்துவிடும், நுரை நிற்காது. அலை ஓய்ந்தபின் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பழுப்பு நுரையும் இதே கதைதான். அதை எந்த மீனவரும் வடிகட்டியது என்று சொல்லமாட்டார்.

இன்னொரு கட்சி ‘புரத நீக்கி’ என்கிறது. பஞ்சு வைக்கும் ஆபத்து இதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தம்பியின் அம்மா, “மீனுக்குப் புரதம் வேண்டாமா? ஏன் நீக்குகிறாய்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதோடு, கிண்ணத்தில் சேரும் தேநீர் நிறச் சாற்றில் புரதம் மட்டுமா இருக்கிறது? கொழுப்பு, பாசித்துணுக்கு, பாக்டீரியா எல்லாம் உண்டு. கண்ணால் காண்பது நுரை. பெயரும் நுரையிலிருந்துதான் எழ வேண்டும். நுரையும் நேற்று முளைத்த சொல் அல்ல. கல்பொரு சிறுநுரையார் என்று நுரையாலேயே பெயர் பெற்ற சங்கப் புலவர் இருக்கிறார்.

நான் சொல்வது நுரைவழிப்பான். பருப்பு கொதிக்கும்போது பொங்கும் நுரையைக் கரண்டியால் வழித்துப் போடுகிறோமே, அதே வழித்தல். குழாயின் வாயில் நுரை வழிகிறது, கருவி அதை வழிக்கிறது. தன்வினை, பிறவினை இரண்டுக்கும் ஒரே சொல் இடம் கொடுப்பது எத்தனை வசதி! ‘வழி என்றால் பாதை என்று நினைப்பார்கள்’ என்று ஒரு நண்பர் மறுத்தார். மாவை வழித்து எடு என்றால் யாரும் பாதை தேடுவதில்லை.

ஸ்கிம்மர் என்றே சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சென்னை கொளத்தூர் மீன்தொட்டிக் கடைகளில் அப்படிக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். தமிழில் தருகிறேன் என்று கிளம்புகிறவர் கருவியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அகராதியை மட்டும் புரட்டுவதுதான் ஆத்திரமூட்டுகிறது. அதே தாளில், மீன்தொட்டிக்கு அடியில் வைக்கும் துணைத் தொட்டியான சம்ப் ‘எண்ணெய்த் தொட்டி’ ஆகியிருக்கிறது. காரில் எஞ்சின் எண்ணெய் தேங்கும் பாகத்துக்கும் சம்ப் என்றே பெயர், மொழிபெயர்த்தவர் கார் அகராதியில் பார்த்திருப்பார் போலும். சென்னையில் வீட்டுக்கு வீடு சம்ப் இருக்கிறது, அதில் யார் எண்ணெய் ஊற்றி வைக்கிறார்கள்? பஞ்சை எடுத்துப் போட்ட நான்காம் நாள் தம்பியின் கிண்ணத்தில் பழுப்பு நுரை ஏறியது. விரலில் வடை எண்ணெயோடு அவர் தொட்டிக்குள் கையை விட்டார். பொங்கிய நுரை அப்படியே அடங்கிவிட்டது. மறுநாள்தான் மீண்டும் எழும்பியது. இந்தக் கருவியைத்தான் ‘எண்ணெய்த் தொட்டி’க்குள் நிறுத்தச் சொல்கிறது அந்தத் தாள்.