அசையாத விரல் டம்ளரைப் பிடிப்பது எப்படி?

கோடை வந்தால் வேலூர்ப் பக்கக் கிணறுகளில் தண்ணீர் கீழே போய்விடும். அது தெரியாமல் தலைகுப்புறக் குதித்தால் கழுத்தெலும்பு நொறுங்கி, உள்ளே ஓடும் தண்டுவடம் நசுங்கிவிடலாம். அங்கே அறுந்த நரம்பிழைகள் மறுபடி வளர்ந்து சேர்வதில்லை. மறுவாழ்வு சிகிச்சை என்பது பெரும்பாலும் மிச்சமிருப்பதை வைத்துச் செய்யும் வேலைதான். அதில் எனக்கு மிகவும் பிடித்தது விரல் சமாச்சாரம்.

கழுத்தில் 8 ஜோடி தண்டுவட நரம்புகள் உண்டு. தோராயமாகச் சொன்னால், முழங்கையை மடக்குவது 5ஆவது, மணிக்கட்டைத் தூக்குவது 6ஆவது, முழங்கையை நீட்டுவது 7ஆவது, விரலை மடக்குவது 8ஆவது. 6ஆவது நரம்பு வரை சேதமில்லாமல் தப்பித்தவருக்கு மணிக்கட்டு மேலே வரும், விரல் அசையாது. ஆனாலும் டம்ளரைப் பிடிப்பார்!

உங்கள் கையிலேயே பாருங்கள். விரல்களைத் தளர்த்தி, மணிக்கட்டைத் தொங்கவிடுங்கள், விரல்கள் விரியும். இப்போது மணிக்கட்டை மட்டும் தூக்குங்கள். விரல்கள் தாமாக மடங்கும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து ஒட்டும். விரலை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் பட்டைகள், மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்குப் போகின்றன. கையை அசைக்கும் அந்த நேரத்தில் நாணின் நீளம் மாறாது. மணிக்கட்டு நிமிர்ந்தால் கயிறு போல அது இறுகி விரலை இழுக்கிறது.

இந்த இழுப்பு நன்றாக இருக்க, நாண் கொஞ்சம் குட்டையாகவே இருக்கவேண்டும். இங்கேதான் வீட்டுப் பாசம் கெடுதல் செய்கிறது. விரல் மடங்கிக் கிடக்கிறதே என்று தைலம் போட்டு, மணிக்கட்டையும் விரலையும் சேர்த்து நேராக நீவுவார்கள். நாளடைவில் நாண் நீண்டுவிடும், பிடி போய்விடும். விரலை நீட்டுவதானால் மணிக்கட்டை மடக்கிக்கொண்டுதான் நீட்டவேண்டும். கையூன்றி எழும்பும்போதும் உள்ளங்கையை விரிக்காமல் விரல்களை மடக்கியே ஊன்றச் சொல்வார்கள் தெரபிஸ்டுகள்.

இந்தச் சின்னப் பிடியில் பல் துலக்கலாம், கரண்டி பிடிக்கலாம். பழகிய சிலர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் டியூபைத் தாங்களே போட்டு எடுக்கிறார்கள். அடுத்தவர் வருவதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது சாதாரண விஷயமா?

வேலூருக்கு இந்தத் துறையோடு பழைய உறவு. சிஎம்சி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, கால்கள் செயலிழந்தவர். அதன் பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் உருவாக அவர்தான் காரணம்.

தொழுநோயில் மடங்கிப்போன விரலுக்கு, வேலை செய்யும் ஒரு தசையின் நாணைத் திருப்பி இணைப்பார்கள். அதே உத்தி கழுத்தில் அடிபட்டவருக்கும் உதவுகிறது. முழங்கையை மடக்க ஒன்றுக்கு மேற்பட்ட தசைகள் இருப்பதால், அவற்றில் ஒன்றின் நாணைக் கட்டைவிரலுக்கு மாற்றலாம். அப்புறம் முழங்கைக்காக இருந்த தசையால் கட்டைவிரலை அழுத்த, வாரக்கணக்கில் பழகவேண்டும்.